டேட்டா ஸ்ட்ரக்சர்களை க்ளாஸாக எழுதிப் பழகுவது எப்படி?

பைத்தானில் லிஸ்ட் இருக்கிறது. ஜாவாவில் அரேலிஸ்ட், சி பிளஸ் பிளஸ்ஸில் வெக்டர். எல்லாம் தயாராக இருக்கும்போது ஸ்டாக்கையும் (கடைசியில் போட்டது முதலில் வரும்) க்யூவையும் (முதலில் போட்டது முதலில் வரும்) நாமே ஏன் எழுத வேண்டும்? நியாயமான கேள்விதான். வேலைக்கு எழுதும் ப்ரோகிராமில் மொழியோடு வருவதையே பயன்படுத்துங்கள். அது பல ஆண்டுகளாகப் பலர் கையில் அடிபட்டுத் தேறியது. ஆனால் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைப்பது கடினம். ‘விலங்கு’ என்றொரு க்ளாஸ், அதிலிருந்து ‘நாய்’, ‘பூனை’ என்று இரண்டு க்ளாஸ், ஒன்று குரைக்கும், மற்றது கத்தும். இந்தப் பாடப்புத்தக உதாரணத்தில் எதுவும் உடைவதில்லை. உடையாத இடத்தில் க்ளாஸ் எதற்கு என்பதும் விளங்குவதில்லை. ஒவ்வொரு உறுப்பும் தனக்கு அடுத்ததைக் காட்டும் லிங்க்டு லிஸ்டில் அப்படியில்லை. இரண்டே வரிகள் இடம் மாறினால் போதும், ப்ரோகிராம் முடிவில்லாமல் சுற்றும்.

வேரியபிள், லூப், ஃபங்ஷன் தெரிந்து, க்ளாஸ் என்றால் என்ன என்று மேலோட்டமாகப் புரிந்திருந்தால் இதைத் தொடங்கலாம். எந்த மொழியில் வேண்டுமானாலும் செய்யலாம். மொழிக்கு மொழி வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

முதலில் நிபந்தனை, பிறகு மெத்தட்

டேட்டா ஸ்ட்ரக்சர் என்பது இரண்டு பகுதிகள் கொண்டது. தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று, அதன்மேல் என்னென்ன செய்யலாம் என்பது இன்னொன்று. க்ளாஸிலும் இதேதான்: ஃபீல்டுகள், மெத்தட்கள். இந்தப் பொருத்தம் தற்செயலாக வந்ததல்ல. உள்ளே எடுக்கும் முடிவுகளை வெளியிலிருந்து மறைத்து வைக்க வேண்டும் என்று டேவிட் பார்னஸ் 1972-இல் எழுதினார். தரவையும் அதன்மேல் அனுமதிக்கப்பட்ட செயல்களையும் ஒரே அலகாகப் பார்க்கும் யோசனையை பார்பரா லிஸ்கோவும் ஸ்டீவன் ஜில்லஸும் 1974-இல் முன்வைத்தார்கள். இன்று நாம் க்ளாஸில் பிரைவேட் என்று எழுதும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது அந்தச் சிந்தனைதான்.

மறைப்பது எதற்காக? ஒவ்வொரு டேட்டா ஸ்ட்ரக்சருக்கும் எப்போதும் உண்மையாக இருக்க வேண்டிய சில நிபந்தனைகள் உண்டு. இவற்றை இன்வேரியன்ட் என்பார்கள். வளரும் அரேயை எடுத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு ஃபீல்டுகள் போதும்: உள்ளே ஒரு அரே, எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை. அதன் நிபந்தனைகள் இவை: எண்ணிக்கை 0-க்குக் குறையாது, கொள்ளளவைத் தாண்டாது. 0 முதல் எண்ணிக்கைக்கு ஒன்று குறைவான இடம் வரை உறுப்புகள் இடைவெளியின்றி இருக்கும். அதற்கு அப்பால் எல்லாம் காலி.

ஒரு மெத்தட் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த நிபந்தனைகள் ஒரு கணம் குலையலாம். ஆனால் அது முடிந்து வெளியே வரும்போது மறுபடி நிலைபெற்றிருக்க வேண்டும். வெளியிலிருந்து யாராவது எண்ணிக்கை என்ற ஃபீல்டை நேரடியாக மாற்றிவிட முடியுமானால், எந்த மெத்தடும் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது. பிரைவேட் ஆக்குவதற்கு உண்மையான காரணம் இதுதான். ‘நல்ல பழக்கம்’ என்று பொதுவாகச் சொல்வதோடு விட்டுவிட்டால் இது மனத்தில் பதியாது.

ஆகவே எந்த டேட்டா ஸ்ட்ரக்சரை எழுதத் தொடங்கினாலும், க்ளாஸின் தலையில் நிபந்தனைகளைக் கமெண்டாக எழுதுங்கள். அடுத்து, சேர்ப்பதையும் நீக்குவதையும் எழுதுவதற்கு முன்பே, ‘சரிபார்’ என்றொரு மெத்தட் எழுதுங்கள். அது அந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எது உடைந்திருந்தாலும் எக்செப்ஷன் எறிய வேண்டும். பத்துப் பதினைந்து வரிகள்தான். பின்னால் பல மணி நேரத் தேடலை அது மிச்சப்படுத்தும்.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு இங்கேயே ஒரு எச்சரிக்கை. உள் அரேயை கன்ஸ்ட்ரக்டருக்குள் உருவாக்காமல், க்ளாஸின் உடலில் நேரடியாக ஒரு காலி லிஸ்டாக எழுதினால், அந்த க்ளாஸின் எல்லா ஆப்ஜெக்டுகளும் அந்த ஒரே லிஸ்டைப் பகிர்ந்துகொள்ளும். முதல் ஸ்டாக்கில் போட்டது இரண்டாவது ஸ்டாக்கில் வந்து நிற்கும். கன்ஸ்ட்ரக்டரின் பாராமீட்டருக்குக் காலி லிஸ்டை டீஃபால்ட் மதிப்பாகக் கொடுத்தாலும் இதே கதைதான். ஜாவாவில் ஃபீல்டுக்கு முன்னால் ஸ்டாடிக் என்று தவறிப்போய் எழுதினால் இதே விளைவு. எப்போதும் இரண்டு ஆப்ஜெக்டுகளை உருவாக்கி, ஒன்றில் மட்டும் போட்டு, மற்றது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வளரும் அரே

பைத்தானில் இதைப் பழக, குறிப்பிட்ட நீளத்தில் நன் (None, ‘எதுவும் இல்லை’ என்ற மதிப்பு) நிரப்பிய ஒரு லிஸ்டை எடுத்துக்கொண்டு, அப்பெண்ட், இன்சர்ட், பாப் மூன்றையும் தொடுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே தடை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லா வேலையையும் மொழியே செய்துவிடும்.

நடுவில் ஒன்றை நுழைப்பதுதான் முதல் சோதனை. உள்ளே 10, 20, 30 என்று மூன்று உறுப்புகள், அதற்குப்பின் இரண்டு காலி இடங்கள். இன்டெக்ஸ் 1-இல் 15-ஐ நுழைக்க வேண்டும். வலப்பக்கம் தள்ளி இடம் உண்டாக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் லூப்பை இடமிருந்து தொடங்கினால் என்ன ஆகும்? முதலில் இடம் 1-இல் உள்ள 20 இடம் 2-க்குப் போகும், அங்கிருந்த 30 அழிந்தது. அடுத்து இடம் 2-இல் உள்ளதை இடம் 3-க்கு நகர்த்துகிறோம், அங்கே இப்போது இருப்பதும் 20. முடிவு 10, 20, 20, 20. வலமிருந்து தொடங்கினால் 30 முதலில் இடம் 3-க்கும், பிறகு 20 இடம் 2-க்கும் போகும், 15 இடம் 1-இல் அமரும். நீக்கும்போது நேர் எதிர்: இடமிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் இடப்பக்கம் இழுக்க வேண்டும்.

நீக்கி முடித்ததும் கடைசி இடத்தைக் காலியாக்க மறக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறைத்தால் போதாதா என்று தோன்றும். விடை சரியாகத்தான் வரும். ஆனால் அந்த இடத்தில் பழைய ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கும் வரை ஜாவாவும் பைத்தானும் அதன் நினைவகத்தை விடுவிக்காது. பெரிய ஆப்ஜெக்டுகளை வைத்திருக்கும் ஸ்டாக்கில் இது சத்தமில்லாமல் நினைவகத்தை விழுங்கும்.

இன்டெக்ஸ் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும்போது உள் அரேயின் நீளத்தோடு அல்ல, எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். மூன்று உறுப்புகள் மட்டுமே உள்ள லிஸ்டில் இன்டெக்ஸ் 7-ஐக் கேட்டால் பிழை வர வேண்டும். கொள்ளளவு 10 என்பதற்காகக் காலி மதிப்பைத் திருப்பித் தரக் கூடாது. பைத்தானில் இதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. காலியான ஸ்டாக்கிலிருந்து எடுக்கும்போது எண்ணிக்கை கழித்தல் ஒன்று என்பது −1. பைத்தானில் −1 என்பது கடைசி இடம், ஆகவே எந்தப் பிழையும் இல்லாமல் நன் கிடைக்கும், எண்ணிக்கையும் −1 ஆகிவிடும். ஜாவா அதே இடத்தில் எக்செப்ஷன் எறியும். சி பிளஸ் பிளஸ்ஸில் என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அரே மொழியோடு வருகிறது என்பதால் எல்லைக் காவலையும் மொழியே பார்த்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது.

இனி வளர்வது. இடம் தீர்ந்ததும் பெரிய அரே ஒன்றை உருவாக்கி, பழையதை நகலெடுக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக? ஒவ்வொரு முறையும் 10 இடம் கூட்டுவது சிக்கனமாகத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 இடங்களில் தொடங்கி 1,00,000 உறுப்புகள் சேர்க்கும்போது 10, 20, 30 என்று 99,990 வரை ஒவ்வொரு கட்டத்திலும் நகலெடுக்கிறோம். மொத்தம் 49,99,50,000 நகல்கள், ஏறத்தாழ 50 கோடி. கொள்ளளவை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கினால், 1-இல் தொடங்கினாலும் 1, 2, 4 என்று 65,536 வரை கூட்டி மொத்தம் 1,31,071 நகல்கள்தான். ஓர் உறுப்புக்குச் சராசரியாக இரண்டு நகல்கூட ஆகவில்லை. இரண்டால்தான் பெருக்க வேண்டும் என்பதில்லை. ஜாவாவின் அரேலிஸ்ட் ஒன்றரை மடங்காக வளர்கிறது. கூட்டுவதா, பெருக்குவதா என்பதுதான் கேள்வி.

சுருக்கவும் வேண்டும் என்றால், பாதி காலியானதும் பாதியாகச் சுருக்காதீர்கள். அப்படிச் சுருக்கிய அடுத்த கணம் ஒன்றைச் சேர்த்தால் மறுபடி இரட்டிப்பாகும், ஒன்றை நீக்கினால் மறுபடி சுருங்கும். எல்லையில் நின்று ஒன்றைச் சேர்த்து ஒன்றை நீக்கிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் மொத்த அரேயும் நகலாகும். கால்வாசி மட்டுமே நிரம்பியிருக்கும்போது பாதியாகச் சுருக்கினால் இந்த ஊசலாட்டம் வராது.

ஸ்டாக்: வாரிசாக வேண்டாம், உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்

வளரும் அரே கையில் இருக்கும்போது ஸ்டாக் பத்து நிமிட வேலை. போடு, எடு, மேலே இருப்பதைப் பார், காலியா. நான்கே மெத்தட்கள். ஆனால் இங்கே ஒரு வடிவமைப்பு முடிவு எடுக்க வேண்டும். அரே க்ளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்து ஸ்டாக் எழுதலாமா, அல்லது ஸ்டாக்கின் உள்ளே அரேயை ஒரு ஃபீல்டாக வைப்பதா?

இன்ஹெரிட் செய்தால், அரேயின் எல்லா மெத்தட்களும் ஸ்டாக்குக்கும் வந்துவிடும். ‘இன்டெக்ஸ் 2-இல் நுழை’ என்பதும் வரும். கடைசியில் போட்டதே முதலில் வரும் என்ற ஸ்டாக்கின் அடிப்படை நிபந்தனையை யார் வேண்டுமானாலும் ஒரு வரியில் உடைக்கலாம். இது கற்பனை ஆபத்து இல்லை. ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே உள்ள ஸ்டாக் க்ளாஸ், வெக்டர் க்ளாஸின் வாரிசாகத்தான் எழுதப்பட்டது. இன்றும் அந்த ஸ்டாக்கின் நடுவில் உறுப்பை நுழைக்க முடியும். பழைய ப்ரோகிராம்கள் உடைந்துவிடும் என்பதால் அதை மாற்ற வழியில்லை. ஜாவாவின் சொந்த ஆவணமே புதிதாக எழுதுவோரை டெக் (இரண்டு முனைகளிலும் போடவும் எடுக்கவும் முடிகிற வரிசை) இன்டர்ஃபேஸின் பக்கம் அனுப்புகிறது. அரே ஸ்டாக்கின் உள்ளே இருக்கட்டும், நான்கு மெத்தட்கள் மட்டும் வெளியே தெரியட்டும்.

காலி ஸ்டாக்கிலிருந்து எடுத்தால் என்ன செய்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். நல் (null, பைத்தானின் நன் போன்றது) திருப்பித் தருவது வசதியாகத் தெரியும். ஆனால் நல்லையே உறுப்பாகப் போட அனுமதித்திருந்தால், வந்தது உறுப்பா, காலி என்ற அறிவிப்பா என்று அழைத்தவருக்குத் தெரியாது. எக்செப்ஷன் எறிவதே நேர்மையானது.

பயிற்சிக்கு அடைப்புக்குறி பொருத்தம் சரியானது. ஒரு சரத்தில் வட்ட, சதுர, நெளி அடைப்புகள் சரியாகத் திறந்து மூடுகின்றனவா என்று ஸ்டாக் கொண்டு கண்டுபிடியுங்கள். திறப்பு வந்தால் போடு, மூடல் வந்தால் எடுத்துப் பொருந்துகிறதா பார். மூன்று சரங்கள் எல்லாப் பிழைகளையும் வெளியே கொண்டுவரும். “([)]” எண்ணிக்கை சரி, பொருத்தம் தவறு. “(((” லூப் முழுதும் தவறே தெரியாது, முடிந்த பிறகு ஸ்டாக் காலியா என்று பார்த்தால்தான் அகப்படும். “)” காலி ஸ்டாக்கிலிருந்து எடுக்க முயலும். எழுதிப் பழகுபவர்களில் பலர் கோட்டை விடுவது இரண்டாவதில்தான்.

லிங்க்டு லிஸ்ட்

இங்கே நிதானம் தேவை. இரண்டு க்ளாஸ் எழுதுங்கள். ‘நோட்’ என்பதில் மதிப்பு, அடுத்து என்று இரண்டு ஃபீல்டுகள். ‘லிஸ்ட்’ என்பதில் தலை, வால், எண்ணிக்கை. நோட் என்பது லிஸ்டின் உள்விவகாரம். எந்த மெத்தடும் நோடை வெளியே கொடுக்கக் கூடாது, மதிப்பை மட்டும் கொடுக்க வேண்டும். நோட் வெளியே போய்விட்டால், அதன் ‘அடுத்து’ ஃபீல்டை மாற்றி யாரும் உங்கள் லிஸ்டைப் பாதியில் வெட்டிவிடலாம்.

நிபந்தனைகள்: தலை நல் என்றால் வாலும் நல், எண்ணிக்கை 0. தலை நல் இல்லையென்றால் தலையிலிருந்து எண்ணிக்கைக்கு ஒன்று குறைவான தாவல்களில் வாலை அடையலாம். வாலின் அடுத்து எப்போதும் நல். ‘சரிபார்’ மெத்தட் தலையிலிருந்து நடந்து போகும்போது எண்ணிக்கையைத் தாண்டினாலே நின்று பிழை சொல்ல வேண்டும். வளையம் உருவாகியிருந்தால் அந்த மெத்தடே முடிவில்லாமல் ஓடும்.

முன்னால் சேர்ப்பதில் வரிசை முக்கியம். புதிய நோடின் அடுத்து, பழைய தலையைக் காட்டட்டும். அதன் பிறகு தலை, புதிய நோடைக் காட்டட்டும். இந்த இரண்டு வரிகளும் இடம் மாறினால், தலை முதலில் புதிய நோடாகிவிடும். அடுத்த வரியில் ‘புதிய நோடின் அடுத்து = தலை’ என்பது அதையே அதற்கே இணைத்துவிடும். பழைய லிஸ்ட் முழுவதும் கைவிட்டுப் போகும், அச்சிட முயன்றால் ஒரே மதிப்பு ஓயாமல் வரும். லிஸ்ட் காலியாக இருந்திருந்தால் வாலையும் புதிய நோடுக்கு மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீக்குவதுதான் நெடுநேரம் பிடிக்கும். ஒரு மதிப்பை நீக்கு என்று வந்தால், முந்தைய நோடு, இப்போதைய நோடு என்று இரண்டு வேரியபிள்களோடு நடக்க வேண்டும். சிங்கிள் லிங்க்டு லிஸ்டில் பின்னோக்கிப் போக வழியில்லை. நிலைமைகள் ஐந்து: லிஸ்ட் காலி, நீக்க வேண்டியது தலை, நடுவில், வால், தேடியது இல்லவே இல்லை. ஒரே ஒரு நோடு மட்டும் உள்ள லிஸ்டில் அதுவே தலை, அதுவே வால், இரண்டையும் திருத்த வேண்டும். வாலை நீக்கும்போது ‘வால் = முந்தைய நோடு’ என்று எழுத மறப்பது மிகப் பரவலான பிழை. அதன் தொல்லை உடனே தெரியாது. அச்சிட்டால் லிஸ்ட் சரியாகவே இருக்கும். அடுத்த முறை கடைசியில் ஒன்றைச் சேர்க்கும்போது, அது ஏற்கெனவே கழற்றிவிடப்பட்ட நோடின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். பிழை நடந்தது நீக்கும் மெத்தடில், சந்தேகம் விழுவது சேர்க்கும் மெத்தடின்மேல். ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் ‘சரிபார்’ ஓடினால் குற்றவாளி அங்கேயே பிடிபடும்.

இத்தனை நிலைமைகளையும் குறைக்க ஒரு வழி உண்டு. தலைக்கு முன்னால் மதிப்பில்லாத ஒரு போலி நோடை நிரந்தரமாக வைத்துவிடுங்கள், சென்டினல் என்பது இதுதான். இப்போது ஒவ்வொரு உண்மையான நோடுக்கும் முந்தைய நோடு ஒன்று நிச்சயம் இருக்கும். தலைக்கென்று தனி நிலைமை தேவையில்லை. முதலில் சென்டினல் இல்லாமல் எழுதி, எல்லாம் சரியான பிறகு சென்டினலோடு மாற்றி எழுதிப் பாருங்கள். எத்தனை ‘இஃப்’கள் மறைகின்றன என்று அப்போது தெரியும்.

லிஸ்டின்மேல் லூப் ஓட்டும் வசதியைச் சேர்க்கும்போது, ‘இப்போது எந்த நோடில் நிற்கிறோம்’ என்பதை லிஸ்டின் ஃபீல்டாக வைக்காதீர்கள். ஒரே லிஸ்டில் ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் ஓடினால் இரண்டும் அந்த ஒரே நினைவுக்குறியை நகர்த்தும், வெளி லூப் முதல் சுற்றோடு நின்றுவிடும். ஒவ்வொரு லூப்புக்கும் தனி இட்டரேட்டர் ஆப்ஜெக்ட் உருவாக வேண்டும். பைத்தானில் ஜெனரேட்டராக எழுதினால் இது தானாகவே அமையும்.

சி பிளஸ் பிளஸ் எழுதுபவர்களுக்குக் கூடுதல் வேலை. டிஸ்ட்ரக்டரில் ஒவ்வொரு நோடையும் அழிக்க வேண்டும், அழிக்கும் முன் அடுத்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். காப்பி கன்ஸ்ட்ரக்டரையும் அசைன்மென்ட் ஆபரேட்டரையும் எழுதாமல் விட்டால், நகலெடுத்த இரண்டு லிஸ்டுகளும் அதே நோடுகளைக் காட்டும். இரண்டின் டிஸ்ட்ரக்டரும் அதே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கப் போகும்.

வட்ட க்யூ

க்யூவை வளரும் அரேயின் மேல் சும்மா எழுதினால் முன்னாலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் மற்ற எல்லாம் ஓரிடம் நகர வேண்டும். பைத்தான் லிஸ்டில் 0-ஆவது இடத்திலிருந்து பாப் செய்வதும் இப்படித்தான் நடக்கிறது. அங்கே டெக் என்று தனி க்ளாஸ் இருப்பதற்கு இதுதான் காரணம். நகர்த்தாமல் செய்ய, ‘முன்’ என்ற இன்டெக்ஸையும் எண்ணிக்கையையும் வைத்துக்கொண்டு, அரேயை வட்டமாகப் பாவிக்கலாம். புதியது போக வேண்டிய இடம்: முன்னையும் எண்ணிக்கையையும் கூட்டி, கொள்ளளவால் வகுத்தால் வரும் மீதி. எடுக்கும்போது முன் ஒன்று கூடும், அதற்கும் அதே மீதிக் கணக்கு.

முன், பின் என்று இரண்டு இன்டெக்ஸ் மட்டும் வைத்தால் ஒரு குழப்பம் வரும்: இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் க்யூ காலியா, நிரம்பியதா? இரண்டுக்கும் அதே தோற்றம். எண்ணிக்கையைத் தனி ஃபீல்டாக வைத்தால் இந்தக் கேள்வியே எழாது.

க்யூ வளரும் இடத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். கொள்ளளவு 4. அ, ஆ, இ, ஈ நான்கையும் போடுகிறோம். இரண்டு எடுக்கிறோம், அ, ஆ வெளியே வந்துவிட்டன. முன் இப்போது 2. பிறகு உ, ஊ போடுகிறோம், அவை வட்டமாகச் சுற்றி இடம் 0, 1-இல் அமர்கின்றன. அரேயில் இருப்பது உ, ஊ, இ, ஈ. க்யூவின் வரிசை இ, ஈ, உ, ஊ. எல்லாம் சரி. இப்போது எ-வைப் போட வேண்டும், இடமில்லை, 8-ஆக வளர்க்கிறோம். பழைய அரேயை இருந்தபடியே நகலெடுத்தால் உ, ஊ, இ, ஈ, காலி, காலி, காலி, காலி. முன் 2, எண்ணிக்கை 4, ஆகவே எ இடம் 6-இல் போய் அமரும். இப்போது எடுத்துப் பாருங்கள்: இ, ஈ, காலி, காலி, எ. உ, ஊ இரண்டும் பின்னால் சிக்கிக்கொண்டன. வளர்க்கும்போது முன் இருக்கும் இடத்திலிருந்து க்யூவின் வரிசைப்படி படித்து, புதிய அரேயில் 0-லிருந்து எழுதி, முன்னை 0-ஆக்க வேண்டும். முன் 0-ஆக இருக்கும்போது மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

ஹேஷ் டேபிள்

அரே ஒன்று, அதன் ஒவ்வொரு இடத்திலும் ஒரு குட்டி லிங்க்டு லிஸ்ட். எதைக் கொண்டு மதிப்பைத் தேடுகிறோமோ அது கீ; அந்தக் கீயிலிருந்து கணக்கிடும் எண் அதன் ஹேஷ் மதிப்பு. அதைக் கொள்ளளவால் வகுத்த மீதிதான் இடம். ஒரே இடத்துக்கு வரும் கீகள் அந்தக் குட்டி லிஸ்டில் வரிசையாக நிற்கும். ஏற்கெனவே உள்ள கீயை மறுபடி போட்டால் மதிப்பை மாற்ற வேண்டும், எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது.

நிரம்பும்போது வளர்க்க வேண்டும். ஜாவாவின் ஹேஷ்மேப் 16 இடங்களில் தொடங்கி, உறுப்புகள் கொள்ளளவில் முக்கால் பங்கைத் தாண்டியதும், அதாவது 13-ஆவது வந்ததும், இரட்டிப்பாகிறது. உங்களுடையதற்கும் அதே எண்களை வைக்கலாம். வளர்த்த பிறகு ஒவ்வொரு கீயின் இடத்தையும் புதிய கொள்ளளவைக் கொண்டு மறுபடி கணக்கிட வேண்டும். குட்டி லிஸ்டுகளை அப்படியே தூக்கி வைத்தால், உள்ளே இருக்கும் கீயையே ‘இல்லை’ என்று சொல்லும் டேபிள் கிடைக்கும்.

ஜாவாவில் ஹேஷ் மதிப்பு எதிர்ம எண்ணாக வரலாம், மீதியும் எதிர்மமாக வரும், இன்டெக்ஸ் பிழை எழும். எதிர்மக் குறியை நீக்கும் ஃபங்ஷனைக் கொண்டு சமாளிக்கலாம் என்று நினைப்பார்கள். −2147483648-க்கு இணையான நேர்ம எண் 32 பிட்டில் அடங்காது, அந்த ஃபங்ஷன் அதே எதிர்ம எண்ணைத் திருப்பித் தரும். முதலில் மீதி எடுத்துவிட்டுப் பிறகு குறியை நீக்குவது பாதுகாப்பானது. பைத்தானில் வகுக்கும் எண் நேர்மமாக இருந்தால் மீதியும் நேர்மமாகவே இருக்கும், இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் சொந்த ஆப்ஜெக்டுகளைக் கீயாக்கினால் ஒரு விதி உண்டு: சமமான இரண்டு ஆப்ஜெக்டுகளின் ஹேஷ் மதிப்பும் சமமாக இருக்க வேண்டும். சமம் பார்க்கும் மெத்தடை மட்டும் மாற்றி எழுதிவிட்டு ஹேஷை விட்டுவிட்டால் ஜாவா ஒன்றும் சொல்லாது, தேடும்போது கிடைக்காது. பைத்தான் 3 அப்படிப்பட்ட ஆப்ஜெக்டைக் கீயாக ஏற்கவே மறுக்கும், இந்த ஒரு விஷயத்தில் பைத்தானின் கண்டிப்பு நல்லது. டேபிளில் போட்ட பிறகு கீயின் ஃபீல்டை மாற்றினாலும் அது தொலைந்ததற்குச் சமம்தான்.

மரம் பற்றிச் சுருக்கமாக

மேலே உள்ளவை கைவந்த பிறகு பைனரி சர்ச் ட்ரீயைத் தொடுங்கள். அதில் ஒவ்வொரு நோடின் இடப்பக்கக் கிளை முழுவதும் அதைவிடச் சிறியவை, வலப்பக்கக் கிளை முழுவதும் பெரியவை. சேர்ப்பதும் தேடுவதும் எளிது. ‘சரிபார்’ எழுதும்போது மட்டும் கவனம். ஒவ்வொரு நோடையும் அதன் நேரடிக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் போதாது. வேரில் 50, அதன் இடப்பக்கம் 30, அந்த 30-இன் வலப்பக்கம் 60 என்றால், ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியே சரியாகத் தெரியும், மரம் தவறு. ஒவ்வொரு நோடுக்கும் அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

1023 எண்களைச் சீராக அடுக்கினால் மரம் 10 அடுக்குகளில் முடிந்துவிடும். அதே எண்களை ஏறுவரிசையில் சேர்த்தால் 1023 அடுக்குகள், அதாவது ஒரு லிங்க்டு லிஸ்ட். பைத்தானில் ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) எல்லை இயல்பாக 1000 என்பதால் ரிகர்ஷனில் எழுதிய மெத்தட் நடுவிலேயே விழுந்துவிடும்.

சோதிப்பது

கையால் நான்கைந்து உதாரணம் கொடுத்துப் பார்ப்பது போதாது. நாம் கொடுக்கும் உதாரணம் நாம் யோசித்த நிலைமைகளை மட்டுமே தொடும். இதைவிட நல்ல வழி, மொழியோடு வரும் க்ளாஸையே நடுவராக வைப்பது. உங்கள் க்யூ ஒன்று, மொழியின் டெக் ஒன்று. ரேண்டமாக ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து இரண்டிலும் அதையே செய்யுங்கள். திரும்பி வந்த மதிப்புகள் ஒன்றா என்று பாருங்கள். ‘சரிபார்’ ஓட்டுங்கள். இதை 10,000 முறை செய்யும் லூப்பை எழுத இருபது வரிகள் போதும்.

இதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு. தொடக்கக் கொள்ளளவை 2 என்று வையுங்கள், 1000 என்று வைத்தால் வளரும் பகுதி சோதனையில் ஓடவே ஓடாமல் போகலாம். மதிப்புகளை 0 முதல் 9 வரை மட்டும் எடுங்கள். பெரிய வீச்சிலிருந்து எடுத்தால் ஒரே மதிப்பு இரண்டு முறை வருவது அரிது, நீக்கச் சொன்ன மதிப்பு லிஸ்டில் இருப்பதும் அரிது. ரேண்டம் சீடை (ரேண்டம் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) ஒரு குறிப்பிட்ட எண்ணாக வைத்து அதை அச்சிடுங்கள், பிழை வந்தால் அதே சீடோடு அதே பிழையைத் திரும்ப வரவழைக்கலாம். பைத்தானில் இன்னொன்று: 3.3 பதிப்பிலிருந்து சரங்களின் ஹேஷ் மதிப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். எனவே ‘இந்தக் கீ 5-ஆவது இடத்தில் இருக்க வேண்டும்’ என்பதுபோல் சோதனை எழுதாதீர்கள்.

ஸ்டாக்குக்கு ஒரு இன்டர்ஃபேஸ் (என்னென்ன மெத்தட்கள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் மட்டும்) எழுதி, அரே வைத்து ஒன்றும் லிங்க்டு லிஸ்ட் வைத்து ஒன்றும் செய்து, ஒரே சோதனையை இரண்டின்மேலும் ஓட்டிப் பாருங்கள். சோதனையில் ஒரு வரிகூட மாற்றாமல் இரண்டும் தேறினால், ஒரே அழைப்புக்கு வெவ்வேறு க்ளாஸ்கள் தத்தம் வழியில் பதில் தரும் பாலிமார்ஃபிஸம் கைக்கு வந்துவிட்டது. ஒன்றுக்காக மட்டும் சோதனையைத் திருத்த வேண்டி வந்தால், உள்ளே இருக்க வேண்டிய ஏதோ ஒன்று வெளியே கசிந்திருக்கிறது. பெரும்பாலும் அது உள் அரேயை அப்படியே திருப்பித் தரும் ஒரு மெத்தடாக இருக்கும்.